வீழ்ச்சியிற் பிறக்கும் சுவை

சில்லுப் பூட்டிய பலகையிற் சறுக்கி வித்தை புரியும் வீடியோ விளையாட்டுகளுள், 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டோனி ஹோக்ஸ் புரோ ஸ்கேட்டர்' தனியிடம் பெற்றது. ஓர் ஓட்டத்துக்கு இரண்டே நிமிடங்கள். பாய்தல், சுழலல், கம்பியில் வழுக்கல் ஆகியவற்றை இடையறாது கோத்தால், அவற்றின் புள்ளிகள் கூட்டப்பட்டு, வித்தைகளின் எண்ணிக்கையாற் பெருக்கப்படும். முடிக்குமுன் வீழ்ந்தாலோ அக்கோவை முழுவதும் பாழாகும். 2000இல் வந்த இரண்டாம் பாகம், ஒருபுறச் சில்லுகளை உயர்த்திச் சமன்செய்து ஓடும் 'மனுவல்' முறையைச் சேர்த்து, கோவையைச் சமதரையிலும் நீட்டிக்க வழிசெய்தது. இதனால், 'போதும்' என நிறுத்துவதா, 'இன்னும் ஒன்று' எனத் துணிவதா என்னும் வினா ஆடுபவர்முன் கணந்தோறும் எழுகின்றது. திரட்டியதை இழக்கும் அச்சமே திரட்டலுக்குச் சுவையூட்டுகின்றது. மெய்யான தெருவில் வீழ்ந்தவரின் எலும்பு முறியக்கூடும். இங்கோ அவர் மறுகணமே எழுந்து ஓடலாம். இழப்பு உண்டு, ஊறு இல்லை என்னும் இந்நிலையே அவ்வின்பத்தின் அடித்தளம் எனலாம்.