மலர்களுக்கு அப்பால்

எமேசன் ரெனென்ற் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட இலங்கை பற்றிய நூலை நம்மிற் கற்றோர் பலர் புரட்டியிருப்பர். அதன் படங்களுட் பலவற்றை வரைந்த கை யாருடையது என்று நாம் கேட்பதில்லை. அவர் அன்றூ நிக்கல்; அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் 1804இல் பிறந்து, அச்சகமொன்றில் தொழில் பயின்றவர். ஓவியத்தைப் பெரும்பாலும் தாமாகவே கற்றார்.

காட்டுப்பூக்களை முன்னே நெருக்கமாய் நிறுத்தி, அவற்றினூடே தொலைவிலுள்ள கடலையோ ஊரையோ காட்டுவது அவர் கைவண்ணம். வண்ணம் பூசிய தாளைக் கூர்முனையாற் சுரண்டி, உள்ளிருந்த வெண்மையையே இதழாகவும் புல்லாகவும் ஆக்கிவிடுவார். மாணவர் இதனைச் செய்து பார்க்கலாம். தாள் மட்டும் தடித்ததாய் இருக்கட்டும்!

1846இல் கொழும்பு அக்கடமிக்கு, அதாவது இன்றைய றோயல் கல்லூரிக்கு, ஓவிய ஆசிரியராய் வந்தார். அந்நாளில் அக்கல்லூரி இருந்தது கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள சென் செபஸ்தியன் மேட்டில். 1848இல் ரெனென்றுடன் சென்று, ஐந்து வாரம் காடுகளில் திரிந்து, பாழடைந்த கோயில்களையும் பெருஞ்சிலைகளையும் தூபிகளையும் வரைந்தார். மாத்தளையிற் கலகம் மூண்டதும் அவ்வாண்டிலேதான். ஆனால் அவருடைய தாள்களிற் பேசுவன இடிபாடுகளே. கொதித்தெழுந்த குடிகள் அல்லர். இதனைக் குறையென்றே நாம் கொள்வோம். ஆயினும், புகைப்படக் கருவி எட்டாத அக்காலத்தில், மரமும் கொடியும் மூடிக் கிடந்த அக்கோலத்தை எழுதிவைத்தவர் அவரல்லரோ!

1852இல் டப்ளின் சஞ்சிகையொன்றில் அப்பயணத்தை அவரே எழுத்திலும் வரைந்தார். 1886இல் இலண்டனிற் காலமானார்.