எஞ்சினைக் கழற்றிவிடலாம்

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பு. வீட்டு வாசலில் 28 அங்குல ராடு பிரேக் சைக்கிள் தலைகீழாக நின்றது. பக்கத்தில் சாக்கின் மேல், களை வெட்டும் மிஷினின் 43 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெரியவர் கோவைப் பக்கம் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். சைக்கிளுக்கு எஞ்சின் வைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். அன்று பகல் முழுக்க அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. பின் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சாக்கட்டியை ரிம்மை ஒட்டிப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிடுவார். வெள்ளை விழுகிற இடத்தில் ஸ்போக்கை அரைத் திருகு இறுக்குவார், எதிர்ப்பக்கம் தளர்த்துவார். "பக்கத்துக்கு ஆடுனாக்கூடப் பரவால்லீங்க தம்பி. மேலயும் கீழயும் ஆடுச்சுன்னா ரோலர் குதிக்கும். குதிச்சா வழுக்கும்" என்றார்.

அவர் தேர்ந்திருந்தது ரோலர் முறை. கேரியருக்கு மேல் எஞ்சினை உட்காரவைத்து, கிளட்ச் டிரம்மிலிருந்து வரும் இரும்பு உருளையைப் பின் டயரின் மேல் அழுத்துவது. செயின் போடலாமே என்று கேட்டேன். செயினுக்கு ஸ்போக்கோடு ஸ்ப்ராக்கெட்டைக் கட்ட வேண்டும்; இழுவையெல்லாம் ஸ்போக்கின் மேல் விழும். தவிர, எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால் சக்கரம் 200 சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றினால் போதும். செயினில் அவ்வளவு குறைக்க இடையில் இன்னொரு ஷாஃப்ட் வேண்டும். சின்ன உருளையும் பெரிய சக்கரமும் நேராகத் தொட்டுக்கொண்டால் அந்த வேலை ஒரே படியில் முடிகிறது.

அவருக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. மழை பெய்து புல் எழும்பினால் அந்த எஞ்சின் தோப்புக்குத் திரும்ப வேண்டும். ஆகவே சைக்கிளில் ஒரு துளைகூடப் போடவில்லை, ஒரு பொட்டு வெல்டிங்கூட வைக்கவில்லை. எல்லாம் யு கிளாம்ப், நைலாக் நட்டு. இரண்டு பொருளையும் ஊனப்படுத்தாமல் சேர்க்கிற இந்தக் கட்டுப்பாட்டைத்தான் நான் கைத்திறன் என்பேன். ஃபிரேமை அறுத்து, ஒட்டி, சாயம் பூசுகிற வேலைகளைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அவை என்னை இப்படிக் கவர்ந்ததில்லை.

மறுநாள் லேத் பட்டறைக்கு அவரோடு போனேன். பட்டறைக்காரர் 25 மில்லிமீட்டர் உருளை கடையலாம் என்றார்.

"இருபது போதுங்க."

"ஐயா, இருபதுன்னா வேகம் வராதுங்களே."

"வர வேண்டாமுங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7,000 சுற்றில் 25 மி.மீ. உருளை மணிக்கு 33 கிலோமீட்டர் தரும், 20 மி.மீ. என்றால் 26. ஏழு கிலோமீட்டர்தான் வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. அந்த ஏழு கிலோமீட்டருக்கு ஒன்றரை மடங்குக்கு மேல். ராடு பிரேக்கின் ரப்பர் கட்டை, ஈரமான இரும்பு ரிம்மை எவ்வளவு பிடிக்கும் என்பது மழையில் சைக்கிள் ஓட்டியவருக்குத் தெரியும். பெரியவர் கணக்குப் போடவில்லை. பிரேக்கைப் பார்த்து உருளையின் அளவைச் சொன்னார். உருளையில் பிடிப்புக்காகக் கீறும் நர்லிங்கும் ஆழமாக வேண்டாம் என்றார்: "அரம் மாதிரி டயரைத் தின்னுபோடும்."

டயர் தேய்வது பழைய தொல்லை. 1946-இல் ஜப்பானின் ஹமமட்சுவில் சோய்சிரோ ஹோண்டா, ராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பொருத்தினார். முதல் மாதிரிக்குப் பெட்ரோல் டேங்க், படுக்கைக்குச் சூடேற்ற வெந்நீர் ஊற்றிவைக்கும் கலம். அவரும் முதலில் முன் டயரில் ரோலரை வைத்துப் பார்த்து, டயர் தாங்காமல், பின் சக்கரத்துக்குப் பெல்ட் போட்டார். பிரான்ஸின் வேலோசோலெக்ஸ் என்ற எஞ்சின் சைக்கிளோ ரோலரை விடாமல் பல பத்தாண்டுகள் ஓடியது.

பொருத்துகிற அன்று ஆலையின் பழக்கம் தெரிந்தது. முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நூல் கட்டி, உருளை அதற்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்தார். எஞ்சினை இடப்பக்கம் வைப்பதா வலப்பக்கமா என்பதற்கே நெடுநேரம் எடுத்துக்கொண்டார். உருளை டயருக்கு எதிர்த்திசையில் சுழல வேண்டும். பக்கம் மாறினால் வண்டி பின்னால் போகப் பார்க்கும். உருளையின் மறுமுனைக்கும் ஒரு பால் பேரிங் கொடுத்தார். ஒரே பக்கம் தாங்கினால் அழுத்தமெல்லாம் கிளட்ச் டிரம்மின் பேரிங்கில் விழுந்து அதைக் கொன்றுவிடும்.

பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து ஊற்றினார். பெடல் மிதித்து வேகம் பிடித்தபின் நெம்புகோலை இறக்க, உருளை டயரில் உட்கார்ந்தது. தோப்பின் வண்டித்தடத்தில் அவர் பேரன் இரண்டு சுற்று வந்தான்.

"அப்புச்சி, மெயின் ரோடு வரைக்கும் போய்ட்டு வரட்டுங்களா?"

"போகக் கூடாது கண்ணு."

அவர் சொன்னது சரி. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், நான்குக்கும் குறைந்த சக்கரங்கள் உள்ள வண்டியில் 25 சிசிக்கு மிகாத எஞ்சின் இருந்தால் அதை மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. இதுவோ 43. சாலையில் இறங்கினால் பதிவு, காப்பீடு, உரிமம் எல்லாம் வேண்டும். இந்தச் சட்ட எல்லையைச் சைக்கிளில் எஞ்சின் வைக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஸ்பேனர் எடுக்கும் முன்பே யாராவது சொல்ல வேண்டும்.

பேரன் இறங்கியதும் பெரியவர் பேரிங்கைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. உருளையை டயரில் அமுக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தம் அதிகம் என்று சொல்லி, நட்டை இரண்டு திருகு தளர்த்தி, அவனை மறுபடி ஒரு சுற்று வரச் சொன்னார்.