பாட்டி சொன்ன பொருள்

ஸ்பெல்லிங் பீ என்றால் நம் வீடுகளில் குழந்தையைவிடப் பெற்றோருக்குத்தான் படபடப்பு அதிகம். 1985-இல் பாலு நடராஜன் 'மிலியூ' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி தேசிய வெற்றி பெற்றாரே, அன்று பிடித்த ஜுரம் இது. 2019-இல் எட்டுப் பேர் சேர்ந்து வென்றார்கள். அவர்களில் மூவர் டெக்ஸஸ், இருவர் நியூ ஜெர்ஸி, ஒருவர் ஸான் ஹோஸே. எட்டில் ஏழு பேர் இந்திய வம்சாவளிக் குழந்தைகள். பெருமைதான். ஆனால் ஆயுளில் ஒருமுறைகூட உபயோகிக்கப் போகாத சொற்களை உருப்போட்டுவிட்டு, பொருள் கேட்டால் விழிக்கிற பிள்ளைகளும் உண்டு. போட்டி நடத்துகிறவர்களே 2013-இல் சொற்பொருள் தேர்வைச் சேர்த்தார்கள். 2021-இல் மேடையிலும் பொருள் கேட்க ஆரம்பித்தார்கள்.

டாலஸுக்கு அருகே ஒரு தமிழ்க் குடும்பம். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த பாட்டி, சொற்பட்டியலின் மேல் கவிழ்ந்திருக்கும் பேரனின் முதுகைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கவனித்த மருமகள்தான் வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்தாள். புதிது ஒன்றுமில்லை, 1984-இல் கனடாவில் 'பால்டர்டாஷ்' என்று பெட்டியில் போட்டு விற்க வந்ததுதான். அதற்கு முன்பும் வெறும் அகராதியை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். ஒருவர் யாருக்கும் தெரியாத சொல்லாக ஒன்றை எடுப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப் பொருளைச் சீட்டில் எழுதித் தர, அசல் பொருளையும் கலந்து வாசிப்பார். எவருடைய பொய்யை மற்றவர்கள் நம்பினார்களோ, அவருக்குப் புள்ளி. அகராதிக்காரர்களின் விறைப்பான நடை கைவந்தால்தான் பொய் எடுபடும். விளையாட்டின் சாமர்த்தியமே அதில்தான்.

2019 போட்டியில் வெற்றி தந்த சொற்களையே முதலில் எடுத்தார்கள். 'சர்ன்யுவஸ்' என்றதும், "சீரியஸும் நெர்வஸும் சேர்ந்த முகம், மேடையில் மணி அடிக்குமுன் காண்பது" என்று எழுதினான் பேரன். அசல் பொருள், பூவைப்போல் தலை கவிழ்ந்து தொங்குவது. அதிக தூரமில்லை! 'பாலமா'வுக்கு, "பால் கொண்டுவரும் அம்மாள்" என்றாள் பாட்டி. உண்மையில் அது நீர்ப்பறவையின் விரல்களுக்கு நடுவே இருக்கும் சவ்வு. இங்கிலீஷ் தெரியாத பாட்டி காதால் கேட்டதை வைத்துத் தமிழில் சொல்ல, மருமகள் எழுதிக் கொடுப்பாள். பேரனுக்கு ஒரு வாரத்துப் பட்டியல் மறந்தாலும் அந்தப் பொருள்கள் மறக்கவில்லை.

ஒரு நாள் 'மல்லிகடானி' வந்தது. பாட்டியின் சீட்டில், "மிளகு போட்ட தண்ணீர், ஜலதோஷத்துக்கு நல்லது" என்றிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் நம்பவில்லை. பிறகு பேரன் அகராதியைப் படித்தான்: ஒரு வகை சூப், மூலம், தமிழ் 'மிளகு தண்ணீர்'.

பையன் பாட்டியை நிமிர்ந்து பார்த்தான். அன்று பட்டியலை ஒதுக்கிவிட்டு, தமிழிலிருந்து போன சொற்களாகத் தேடிப் பாட்டியிடம் கேட்க ஆரம்பித்தான். 'கட்டமரான்' என்றதுமே, "கட்டுமரம்" என்று பதில் வந்தது. 'செரூட்' என்றான். பாட்டி கொஞ்சம் யோசித்தாள்.

"சுருட்டுடா. உங்க தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பிடிப்பார், நான் திட்டுவேன்."