தவில் முழங்கிய இரவுகள்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் கோயில் திருவிழாவுக்கு உயிர் தருவன நாகசுரமும் தவிலும் ஆகும். பலாமரத்தைக் குடைந்து செய்த தவிலின் ஒரு முகத்தைக் கழியாலும், மற்றொன்றைக் கூடணிந்த விரல்களாலும் முழக்குவர்.

முதியோர் திண்ணையில் கூடினால், பேச்சு பழைய தவில் இரவுகளை நாடும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்திற்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) வாசித்த சிறப்பைத் தம் தந்தையர் சொன்னவாறே உரைப்பர். நாச்சியார்கோயில் இராகவப் பிள்ளையும் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியும் (1933–1975) இணைந்து வாசித்ததையோ தாமே கேட்டவர்கள் அவர்கள். அதைச் சொல்லும்போது அவர்தம் விரல்கள் தாமாகவே தாளமிடும்.

காவிரிக்கரைக் கலைஞர் நீண்டதொரு சொற்கட்டை முழக்குவார். கடல் கடந்து வந்தவர் அதற்கு விடையிறுப்பார். வினாவும் விடையும் படிப்படியாகக் குறுகும். முடிவில் இருவரும் சேர்ந்து கோர்வையை வாசித்து, ஒரே இடத்தில் நிறுத்துவர்.

“தாத்தா, யார் வென்றார்?” என்று பேரன் வினவுவான்.

“ஒருவர் தளர்ந்திருந்தால் இருவரும் ஒன்றாய் முடித்திருக்க இயலுமா, தம்பி?” என்பார் முதியவர்.

எதிரில் இருப்பவர் திறமை உயர, தன் திறமையும் உயர்வதே நல்ல போட்டியாகும். ஆடுகளத்திலும் வகுப்பிலும் மாணவர் இதனை நினைவிற்கொள்வாராக.