பயத்தோடையே போனோம்

கோவிலுக்குள் நுழைந்தவுடன் நாங்கள் முதலில் பார்ப்பது பீடத்தை இல்லை. எந்தப் பக்கத்தால் வெளியே ஓடலாம் என்றுதான் பார்ப்போம். 2019க்குப் பிறகு வந்த பழக்கம் இது.

நாங்கள் ஆறு பேர், எல்லாரும் வெள்ளவத்தைப் பிள்ளைகள். அந்த ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, எங்கட கோவிலில் பூசை முடிந்து வெளியே கதைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் ஃபோன்கள் அடிக்கத் தொடங்கின. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு. பிறகு கட்டுவாப்பிட்டி, ஹோட்டல்கள், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். 250க்கும் மேற்பட்ட உயிர்கள். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா கொட்டாஞ்சேனையில் இருக்கிறா. காய்ச்சல் என்று அவ அன்றைக்குப் பூசைக்குப் போகவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு மத்தியானம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு பட்டாசுச் சத்தம் கேட்டாலும் கை நடுங்கும். ஒருத்திக்கு இரவில் மூச்சு முட்டும். ஒருவன் ரயிலில் ஏறமாட்டேன் என்று நின்றான். பெரியவர்களுக்கு இது புதிதில்லை. அவர்கள் 83ஐப் பார்த்தவர்கள். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதையும் பார்த்தவர்கள். அப்படியிருந்தும் எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: "விசுவாசம் இருந்தா பயம் வராது, பிள்ளை."

அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் எங்களுக்கு அது இன்னொரு பாரமாகிவிட்டது. ஏற்கனவே பயம். இப்போது பயப்படுகிறோமே, அப்ப எங்களுக்கு விசுவாசம் இல்லையா என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது.

ஞாயிறு பூசைகள் நின்றன. கர்தினாலின் பூசையை டிவியில் பார்த்தோம். மே 12ஆம் தேதிதான் கொழும்பில் ஞாயிறு பூசைகள் திரும்பத் தொடங்கின. அடுத்த நாள் மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன.

அந்தக் கிழமை டியூஷனுக்கு எங்கட முஸ்லிம் நண்பன் முதுகில் பையோடு வந்தான். ஐந்து வருடமாக எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கிறவன். நாங்கள் ஆறு பேரும் அவன்ட முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தோம். அவன் அதைக் கண்டுவிட்டான். ஒன்றும் சொல்லாமல் பையைக் கழற்றி, சிப்பைத் திறந்து, கொப்பிகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான். அதன்பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை.

அன்றிரவு ஒரு வீட்டில் செபமாலைக்குக் கூடினோம். முடிந்த பிறகு ஒருத்தி மாற்கு நற்செய்தியைத் திறந்து கெத்சமனி பகுதியை வாசித்தாள். எத்தனையோ தரம் கேட்ட பகுதி. அன்றைக்குத்தான் உறைத்தது: இயேசுவே பயந்திருக்கிறார்! தனியாக இருக்க முடியாமல் சிநேகிதர்களை விழித்திருக்கச் சொல்கிறார். ஒரே செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவருக்கு விசுவாசம் இல்லையென்று யாராவது சொல்லுவார்களா? குண்டு வெடிப்பதற்கு மூன்று நாள் முதல், பெரிய வியாழன் இரவு, அதே கெத்சமனி நினைவில் விழித்திருக்கப் போய், ஃபோன் நோண்டி, தூங்கி விழுந்தவர்கள் நாங்கள்.

அதற்குப் பிறகு எங்கட செபம் மாறியது. "பயத்தை எடுத்துவிடும்" என்று தொடங்குவதை விட்டுவிட்டோம். இன்றைக்கு எதற்குப் பயந்தேன் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லுவோம். மற்றவர்கள் புத்தி சொல்லாமல் கேட்பார்கள். முதல் நாள் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "எனக்கு அவனைப் பார்க்கப் பயமா இருந்திச்சு." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் எல்லாருக்கும் அதுதான் இருந்தது. மனதுக்குள் வைத்திருந்தவரை அது ஜாக்கிரதை மாதிரித் தெரிந்தது. கடவுளுக்கு முன்னால் சொன்னதும் அதை அநியாயம் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனோம். நோன்பு காலம். மன்னிப்புக் கேட்க வாய் வராமல் வாசலில் நின்றோம். அவன்ட உம்மாதான், "உள்ள வாங்க பிள்ளைகள், நோன்பு திறக்கிற நேரம்" என்று கூப்பிட்டு, கஞ்சியை ஊற்றித் தந்தா. அவன் எங்களோடு கதைக்க இன்னும் இரண்டு கிழமை எடுத்தது. அது அவனுடைய உரிமை.

ஜூன் 12ஆம் தேதி அந்தோனியார் கோவில் திரும்பத் திறந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை 100ஆம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டை வரை போய், அங்கிருந்து நடந்தோம். அவனும் வந்தான். வாசலில் எல்லாரையும் சோதித்தார்கள். ஏழு பேரும் ஒரே வரிசையில் நின்றோம். உள்ளே வழக்கம்போல எல்லாச் சமயத்தவர்களும் மெழுகுதிரியோடு நின்றார்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஒளிந்து திரிந்த ஒரு குருவானவர், கடல் கரையை அரிக்கிறது என்று அழுத மீனவர்களுக்காகச் சிலுவை நட்டுச் செபித்த இடம் இது என்று அம்மம்மா சொல்லுவா. உயிருக்குப் பயந்து ஒளிந்த மனிசன்தான், மற்றவர்களுக்காக வெளியே வந்திருக்கிறார்.

பயம் போய்விட்டதா? இல்லை. மூச்சு முட்டுகிறவள் இப்போதும் கவுன்சலரிடம் போகிறாள், செபமும் செய்கிறாள். இரண்டும் அவளுக்கு வேணும். நாங்கள் இப்போதும் கோவிலுக்குள் வாசலைத்தான் முதலில் பார்க்கிறோம். பிறகு பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறோம். அதற்குப் பிறகு பீடத்தை.

உங்களுக்கும் பயமாக இருந்தால், அதை மறைத்துக்கொண்டு செபிக்காதீர்கள். அதையே சொல்லித் தொடங்குங்கள். முடிந்தால் இன்னொருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.