கடல்மேல் ஒரு பகல்

ஏட்டில் மட்டும் கடலைக் கண்டவர் பலர்; அவருள் யாமும் ஒருவேம். நெய்தற்றிணையின் முதல், கரு, உரிப்பொருள்களை வரிசை பிறழாது ஒப்புவிக்க வல்லேமாயினும், சென்ற மாசித் திங்களில் ஒருநாள் வைகறைவரை, கடலுள் ஒரு கல் தொலைவேனும் சென்றறியேம். தூத்துக்குடியிற் பிறந்து, தோணித் தண்டல் ஒருவர்க்குப் பெயரனாய் வளர்ந்த எமக்கு இஃது ஓர் இழுக்கென்று தோழர் நகைப்பர். அதற்குக் காரணம் உண்டு.

எம் தாய்வழிப் பாட்டனார், தோணிகட்கு எந்திரம் பூட்டப்படாத நாளில், பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்குக் கொண்டு சென்றவர். அன்னையார் சிறுமியாயிருந்தபோது, ஒருமுறை அவர் புயலில் அகப்பட்டுப் பதினேழு நாள் செய்தியே இல்லாதிருந்ததாம். பாட்டனார் மீண்டு வந்தார். ஆயினும் அந்நாட்களை அன்னையார் மறந்தாரல்லர். தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் யாம் சேர்ந்ததையும், அணிவகுப்போடு முடியும் என்றெண்ணியே பொறுத்திருந்தார். பாய்ப்படகுப் பயிற்சிக்குப் பெற்றோர் ஒப்பம் வேண்டும் என்ற தாளை மூன்று நாள் சமையலறை மாடத்தில் வைத்திருந்தார். நான்காம் நாள் ஒப்பமிட்டுத் தந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

படகின் பெயர் வேலர் என்பது. முற்காலத்துத் திமிங்கில வேட்டைப் படகுகளின் வழிவந்தமையால் அப்பெயர் பெற்றது. இருமுனையும் கூர்மை, நீளம் 27 அடி, காற்றில்லாத போழ்து வலிக்கத் துடுப்பு ஐந்து. நடுவே ஒரு பலகை மேலும் கீழும் இயங்கும். அதனை நீருள் இறக்கினாலன்றிப் படகு காற்றுக்கு ஒதுங்கிப் பக்கவாட்டிற் போய்விடும். யாம் அறுவர்: பயிற்றுநர் ஒருவர், மாணவர் ஐவர். பயிற்றுநர் குமரிக் கரையினர். எவரையும் ‘மக்கா’ என்றே விளிப்பார். சுக்கான் பிடிக்க வேதியியல் பயிலும் தோழியொருத்தி அமர்ந்தாள். முன்பாயின் கயிறு மீனவர் குடியிற் பிறந்த தோழனிடம். பெரும்பாயின் கயிறு எம்மிடம்.

வைகறையில் கரைக்காற்று மெல்ல வீசிற்று. இரவெல்லாம் குளிர்ந்த நிலத்தினின்று கடல்நோக்கிச் செல்லும் காற்று அது. அதனை நம்பியே மீனவர் இருளிற் புறப்படுவர். ஞாயிறு எழும்போழ்து பின்னே பனிமய மாதா கோயிலின் கோபுரங்கள் சிறுத்துத் தெரிந்தன. காப்புப் படகொன்று எந்திரம் முணுமுணுக்கத் தொலைவில் உடன்வந்தது. எமக்கோ காட்சியின்பத்தில் நாட்டம் செல்லவில்லை. உண்ட இட்டிலி நான்கும் உள்ளே நிலைகொள்ளாமையே அதற்குக் காரணம். மேற்கொண்டு நிகழ்ந்ததை விரித்துரையேம்.

வயிறு வெறுமையானபின் செவி திறந்தது. பயிற்றுநர் ஒவ்வொன்றிற்கும் ஆங்கிலப் பெயர் கூற, மீனவத் தோழன் தன் வீட்டுப் பெயர் கூறினான். படகின் முன்புறம் அணியம், பாயை இழுத்துப் பிடிக்குங் கயிறு தாமான், கீழ்க்காற்றுக் கொண்டல், மேல்காற்றுக் கச்சான், கடல்நடுவண் துள்ளி எமக்கு வாழ்த்துக் கூறிய உயிரினம் ஓங்கல். மூன்றாண்டு தமிழ் பயின்ற யாம் இவற்றுள் இரண்டையே முன்னர் அறிந்திருந்தோம் என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ளுதல் நன்று.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டமையின், அவற்றில் இசைவின்றி இறங்குதல் கூடாது. அவற்றுள் விலாங்குசல்லி என்பது நீருள் மறைந்துவிட்டது. சூழவிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்பிற்காக வெட்டியெடுத்தமை அதற்கொரு காரணம் என்பர். அத்தீவைத் தன் பாட்டி கண்டிருக்கின்றாள் என்று தோழன் சொன்னான்.

நண்பகற்பின் கொண்டல் எழுந்தது. காற்று வருந்திசைக்கு நேரெதிரே எப்பாய்க்கலமும் ஓடாது. அதற்கு 45 முதல் 60 பாகைவரை விலகி, ஒருகால் இடமாகவும் ஒருகால் வலமாகவும் திரும்பித் திரும்பியே முன்னேறல் வேண்டும். திரும்புந்தோறும் பாய் மறுபுறம் பாயும். தலை தாழ்த்தாதார்க்கு மண்டை உடையும். இரண்டு மணிநேரம் இங்ஙனம் பயின்றோம். தோழி, 2017 செப்டம்பரில் ‘தாரிணி’ என்னும் பாய்க்கலத்தில் கோவாவினின்று புறப்பட்டு, உலகைச் சுற்றி 2018 மேத் திங்களில் மீண்ட கடற்படைப் பெண்டிரைப் பற்றிப் பேசிவந்தாள். அவரும் அறுவரே. அவள் கண்கள் பாயின் விளிம்பினின்றும் பெயரவில்லை.

பின்னர் வடக்குநோக்கி ஓடினோம், காற்று வலப்புறம். எம் உள்ளங்கை கொப்புளித்து எரிந்தது. தாமானைக் கட்டற்க, எந்நேரமும் கையிற் பிடித்திருக்க என்று காலையில் மும்முறை கூறியிருந்தனர். யாம், ‘சிறிதுபோழ்துதானே’ என்றெண்ணி, ஒருவரும் காணாவண்ணம் கட்டையிற் சுற்றி முடிந்தோம்.

வன்காற்று வந்ததை யாம் கண்டிலேம். படகு இடப்புறம் சாய்ந்தது. விளிம்பு நீரில் அமிழ்ந்தது. பச்சைநீர் எம் முழங்காலுக்கு வந்தது. “விடு! விடு!” என்று கூவினர். நனைந்த முடிச்சு அவிழவில்லை. எம் விரல்கள் எமக்கே உரியனவல்ல போல நடுங்கின. தோழி சுக்கானை முற்றுந் திருப்பி அணியத்தைக் காற்றிற்கு நேரே கொணர்ந்தாள். பாய் வலியிழந்து படபடத்தது. படகு மெல்ல நிமிர்ந்தது. தோழன் தாவிவந்து பல்லால் முடிச்சை இழுத்து அவிழ்த்தான்.

பயிற்றுநர் எம்மை நோக்கி, “என்ன ஆச்சு?” என்றார்.

யாம் வாய் திறக்குமுன், “கயிறு சிக்கிக்கிட்டது, ஐயா” என்றான் தோழன்.

யாம் பேசாதிருந்தோம். வாளியால் நீரிறைத்தபோதும் பேசவில்லை. மேற்கே திரும்பித் துறைமுக வாயிலுட் புகுந்தபோதும் பேசவில்லை. அவ்வொரு மணிநேரம் அப்பகல் முழுவதினும் நெடிதாயிருந்தது. கரையிற் பாய் சுருட்டும்போழ்தே பயிற்றுநரிடம் சென்று, கட்டியது யாமே என்றோம்.

“தெரியும், மக்கா. கட்டின கயிறு எது, சிக்கின கயிறு எதுன்னு தெரியாமலா இத்தனை வருஷம் கடல்ல கிடந்தேன்? இதை நீ அங்கேயே சொல்லியிருக்கணும்” என்றார். படகு முழுவதையும் நன்னீரால் தனியே கழுவும்படி பணித்தார். தோழன் உதவிக்கு வந்தபோது அவனைத் திருப்பியனுப்பினார்.

இரவு வீடு சேர்ந்தோம். அன்னையார் எம்மைத் தலைமுதல் அடிவரை ஒருமுறை நோக்கிவிட்டு, உப்பேறிய சட்டையைக் கழற்றச் சொன்னார். பாட்டனார்க்குப் பார்வை மங்கி ஆண்டுகள் சிலவாயின. கட்டிலில் இருந்தபடியே காற்றைப் பற்றி வினவினார், கொண்டல் என்றோம். எப்பாய் என்றார், பெரும்பாய் என்றோம்.

“தாமானைக் கையில் பிடிச்சிருந்தியா, கட்டிவச்சியா?”

அன்னையார் அடுக்களை வாயிலில் நின்றிருந்தார். “கட்டிவச்சேன், தாத்தா” என்றோம்.

பாட்டனார் நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. பின்னர் எம் வலக்கையைப் பற்றி இழுத்து, கொப்புளங்களை ஒவ்வொன்றாய் விரலாற் தடவிப் பார்த்து, “தேங்காயெண்ணெய் கொண்டா, பிள்ளை” என்று அன்னையாரை நோக்கிக் கூறினார்.