திரவ ஹீலியம் இல்லாத குளிர்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பெயர் போட வேண்டாம் சார் என்று கேட்டுக்கொண்டான். அவன் செட்காரர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆராய்ச்சிக்கூடங்களுக்குக் குளிர்விக்கும் கருவிகளை வடிவமைப்பது அவன் வேலை. "ஏசி மாதிரியா தம்பி?" என்று என் மைத்துனர் கேட்டார். "ஆமாங்க சார், கொஞ்சம் கூடுதலா குளிரும்" என்றான்.

அந்தக் "கொஞ்சம் கூடுதல்" 4 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி! மீக்கடத்திகளைப் பற்றிய பல சோதனைகளுக்கு இந்தக் குளிர் வேண்டும். 1908இல் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தைத் திரவமாக்கியபோதுதான் மனிதன் இதை முதலில் எட்டினான். அதன்பின் நெடுங்காலம் திரவ ஹீலியத்தை ஊற்றிக் குளிர்விப்பதே வழி. அது கொதித்து ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துப் போகும். மண்பானைத் தண்ணீரைச் சொல்லி உள்ளுறை வெப்பம் நடத்தியது ஞாபகம் இருக்கும். தண்ணீர் தாராளமாக வெப்பம் வாங்கும், ஹீலியமோ மகா கஞ்சன். ஒரு வாட் வெப்பம் கசிந்து உள்ளே வந்தால் மணிக்குச் சுமார் 1.4 லிட்டர் ஆவியாகிவிடும். பிடித்துச் சேமிக்க வசதி இல்லையென்றால் போனது போனதுதான். இயற்கை எரிவாயுவோடு சில நாடுகளில் மட்டுமே கிடைக்கும் பொருள் அது.

அவன் பிஎச்.டி. செய்த இடத்துக்கு ஒருமுறை ஹீலியம் வந்து சேரவே இல்லை. நாலு மாதம் சோதனை நின்றது. கூடப் படித்த பெண் ஒருத்தி, உதவித்தொகை முடியப்போகிறதே என்று ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொண்டாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை.

இப்போது அவன் செய்வது ஊற்றத் தேவையில்லாத கருவி. மூடிய அமைப்புக்குள் ஹீலியம் வாயு இருக்கும். கம்ப்ரசர் அதை அழுத்தும். வால்வு ஒன்று விநாடிக்கு ஒரு தடவைக்குச் சற்று மேலாக அழுத்தத்தை ஏற்றி இறக்கும். விரியும் வாயு குளிரும். பல்ஸ் டியூப் என்று பெயர். 1960களில் கிஃபோர்டும் லாங்ஸ்வொர்த்தும் தொடங்கி வைத்தது. குளிர்ந்த பகுதியில் அசையும் பாகமே கிடையாது. அதே வாயு திரும்பத் திரும்பச் சுற்றும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். கம்ப்ரசர் சுமார் 10 கிலோவாட் மின்சாரம் தின்கிறது. 4 கெல்வினில் அது வெளியேற்றுவது ஒன்றரை வாட் வெப்பம். இரண்டு மூன்று எல்.இ.டி. இரவு விளக்குகளின் அளவு! ஆகவே வடிவமைப்பவனின் பாதி வேலை வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பதுதான். அந்தக் காலத்தில் ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்துச் சாக்கால் சுற்றி வைப்பார்களே, அதே கவலைதான்.

முதலில் வெற்றிடம் உண்டாக்கிக் காற்றை நீக்குகிறார்கள். கதிர்வீச்சு அப்போதும் வரும். வெளிச்சுவர் 300 கெல்வின். நடுவில் 50 கெல்வினுக்குக் குளிர்ந்த ஓர் உலோக உறையை வைக்கிறார்கள். ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மேன் விதியை ஐந்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவர்கள் இப்போது கணக்குப் போடலாம். வெப்பநிலை ஆறில் ஒரு பங்கு, அதன் நான்காம் படி 1296. மற்றவை மாறாவிட்டால் உள்ளே வரும் கதிர்வீச்சு அத்தனை மடங்கு குறையும். முப்பது வருடம் நான் கரும்பலகையில் எழுதிய விதி ஒரு தகரக் கூடு மாதிரி நிற்பதை அவன் போனில் காட்டினான். எனக்குப் பேச்சு வரவில்லை.

கம்பிகளிலும் தந்திரம் இருக்கிறது. செம்பு வெப்பத்தைக் கடத்திவிடும் என்பதால் மாங்கனின், பாஸ்பர் பிரான்ஸ் கம்பிகள். தாங்கும் தண்டுகள் கண்ணாடி இழையில். வாயு துடிப்பதால் வரும் அதிர்வு மாதிரிக்குப் போகாமல் இருக்க, குளிர் முனைக்கும் மாதிரிக்கும் இடையில் நெய்த செம்புப் பட்டை. வெப்பத்தை நன்றாகக் கடத்தவும் வேண்டும், வளையவும் வேண்டும். இதில்தான் தூக்கமே போகும் என்றான்.

குறையும் உண்டு. கரண்ட் போனால் திரவ ஹீலியம் நிரம்பிய கலம் சில மணி நேரமாவது தாங்கும். இது உடனே சூடாகத் தொடங்கிவிடும். நம் ஊர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் நான் அவன் கட்சிதான். கரண்டுக்கு ஜெனரேட்டர் வைக்கலாம், வராத ஹீலியத்துக்கு என்ன வைப்பது?

இப்போது சிறிய கல்லூரி ஒன்றுக்காக ஒரு கருவி வரைந்துகொண்டிருக்கிறான். குளிர் சம்பந்தமான கணக்கெல்லாம் முடிந்துவிட்டதாம். கம்ப்ரசரைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓட வேண்டும், அந்தக் கல்லூரி போர்வெல்லில் வருவதோ உப்புத் தண்ணீர். குழாயில் படிந்துவிடுமே என்று அதற்கு வழி தேடிக்கொண்டிருக்கிறான்.